எங்கள் காம்பவுண்டுக்குள் நின்ற கம்பம்

பத்தே முக்காலுக்கு இன்வெர்ட்டர் மூன்று தடவை கீச்சிட்டு ஓய்ந்தது, அதோடு மெஷினும் நின்றது. நிற்கும் என்று தெரியும். கம்பம் மாற்றப் பத்து மணிக்குத் தெரு லைனை ஆஃப் பண்ணுவோம் என்று லைன்மேன் பேச்சிமுத்து நேற்றே சொல்லிவிட்டுப் போனார், இன்வெர்ட்டர் முக்கால் மணி நேரம் தாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அது நின்றபோது என் நெஞ்சும் ஒரு தடவை நின்று, பிறகுதான் ஓடியது. ஏழு மாதமாக இந்த வீட்டில் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் உயரத்தில் வெள்ளையாக இருக்கும் அந்த மெஷின், அறையில் இருக்கிற காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பிரித்து, இவர் மூக்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புஸ், டப். புஸ், டப். நான் அரிசி களைவதும், ஜெபமாலை உருட்டுவதும், தூங்குவதும் எல்லாம் அந்தத் தாளத்துக்குத்தான் நடந்திருக்கிறது என்று அது நின்ற பிறகுதான் தெரிகிறது. சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதையே மறந்திருந்தேன். இவருடைய மூச்சு கேட்கிறது. மெஷின் மறைத்துவைத்திருந்த அந்தச் சத்தம், ஈரத் துணியை மெல்லக் கிழிப்பதுபோல, உள்ளே போகும்போது ஒரு தினுசு, வெளியே வரும்போது வேறு தினுசு. வாங்கி வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் குழாயை இவர் மூக்கில் மாட்டினேன். நேற்றே நாலு தடவை மாட்டிக் கழற்றிப் பழகியதுதான். சாவியைத் திருகினேன், எவ்வளவு போகிறது என்று காட்டும் கண்ணாடிக் குழலுக்குள் இருந்த குண்டு இரண்டில் ஏறி நின்றது. “போதும் ரெஜி, நான் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றார் இவர். கஸ்பார், என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர், இப்போது நாற்பத்தேழு கிலோ. நுரையீரல் நார் நாராகிவிட்டது, அதற்குக் காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சிலிண்டர் சின்னது, மூன்று மணி நேரம் வரும் என்று கடைக்காரர் சொன்னார், நான் கேட்டபோது ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் ஒன்றே முக்கால் வரைக்கும். பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம் என்கிறார் பேச்சிமுத்து. பக்கத்து வீட்டில் செருகிக்கொள்ளலாமே என்றால் தெருவுக்கே கரண்டு இல்லை. முடியாவிட்டால் ஆட்டோ, ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை இந்த வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. போனதடவை பதினாலு நாள் உள்ளே வைத்திருந்தார்கள், திரும்பி வரும்போது இவர் காலில் செருப்பு தங்கவில்லை, கால் அவ்வளவு வற்றிப்போயிருந்தது.

வாசல்படியில் நிற்கிறேன். இங்கே நின்றுகொண்டு உள்ளே திரும்பினால் கட்டிலும், எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிலிண்டர் முள்ளும் தெரியும், வெளியே திரும்பினால் கம்பம் தெரியும். கழுத்துதான் பாடுபடுகிறது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, முருங்கைக்கும் தண்ணித்தொட்டிக்கும் நடுவில் நிற்கிறது எங்கள் கம்பம். எங்கள் கம்பம் என்று சொல்வது பெருமைக்கு இல்லை. நாங்கள் இந்த மனையில் வீடு கட்டிய காலத்தில் தெருமுனைக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வயர் இழுக்க முடியாத தூரம். நடுவில் ஒரு கம்பம் வேண்டும், சந்தில் நட இடமில்லை, உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே உங்கள் செலவில் நட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள் கரண்டு ஆபீசில். நட்டோம். வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் முதலில் அதைத்தான் காட்டுவார். “கவர்மெண்டு போஸ்ட்டு இல்ல, நம்ம போஸ்ட்டு.” கிறிஸ்மஸுக்கு ஸ்டாரை மற்றவர்கள் மொட்டை மாடியில் தொங்கவிட்டால் இவர் அந்தக் கம்பத்தில் கட்டுவார், கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் என்பார், தெரிந்ததா என்று நான் போய்ப் பார்த்ததில்லை. அப்புறம் முப்பத்திரண்டு வருஷம் உப்புக்காற்று. தூத்துக்குடியில் காற்று சும்மா வருவதில்லை. நான் உப்பளத்தில் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதியவள், இருபத்தாறு வருஷம், எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உதட்டை நாக்கால் தொட்டால் கரிக்கும். அந்த உப்புதான் எனக்குச் சோறு போட்டது, அதே உப்புதான் இந்தக் கம்பத்தின் மயிரிழை வெடிப்புக்குள் நுழைந்து உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பழுப்புக் கோடு, மேலிருந்து கீழே, அழுத கண்ணிலிருந்து மை வழிந்ததுபோல.

அந்தக் கோட்டை நான் முதலில் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். துணிக்கொடியின் ஒரு முனை அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருந்தது, ஈரப் போர்வையை உதறிப் போடும்போது கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. துணிக்கொடியை மட்டும் அவிழ்த்து முருங்கையில் கட்டினேன். ஏன் சொல்லவில்லை? அப்போது மெஷின் கூட வரவில்லை, இவர் மாடிப்படி ஏறினால் மட்டும் இரைத்துக்கொண்டிருந்தார், அப்போதே மாற்றியிருந்தால் ஒரு நாள் வேலை. சொல்லலாம் என்று நினைத்த நாளில் விருந்தாளிகள் வந்தார்கள், அப்புறம் மழை, அப்புறம் இவருக்கு இருமல், அப்புறம் ஸ்கேன், அப்புறம் மெஷின். மெஷின் வந்த பிறகு சொல்ல முடியாமல் போயிற்று. கம்பத்தை மாற்ற வேண்டும் என்றால் கரண்டை நிறுத்த வேண்டும், கரண்டை நிறுத்தினால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால். அதற்கு மேல் என் யோசனை போகாது, அந்த இடத்தில் தட்டி, திரும்ப முதலிலிருந்து, கம்பத்தை மாற்ற வேண்டும் என்றால் கரண்டை நிறுத்த வேண்டும். இப்படியே ஆறு மாதம். காற்று பலமாக அடிக்கிற நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்படியில் போய் நிற்பேன், விழுந்தால் சத்தம் கேட்கும் அல்லவா, அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு. டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் காம்பவுண்டை ஒட்டித்தான் போவார்கள். அவர்கள் தாண்டிப் போகும் வரைக்கும் என் கை அந்தரத்தில் நிற்கும், ஏதோ நான்தான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேட்டியை விரித்துக்கொண்டிருக்கும்போது, மேலே ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். பாதித் தேங்காய் அளவுக்கு ஒரு சிமெண்டுத் துண்டு என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து மண்ணில் பதிந்தது. நிமிர்ந்து பார்த்தால், துண்டு இருந்த இடத்தில் நாலு கம்பி தெரிய வேண்டும், இரண்டுதான் தெரிந்தது, அவையும் சுருட்டுச் சாம்பல் மாதிரி. மறுநாள் கரண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு சின்ன வயசு எஞ்சினியர் அம்மா. “உங்க காம்பவுண்டுக்குள்ள நீங்க போட்ட கம்பம், மாத்த வேண்டியதும் நீங்கதான். லைனை நிறுத்தித் தர்றோம், எங்க ஆளு வருவாங்க” என்றவர், நான் செல்போனில் எடுத்துப் போயிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “இத்தனை நாள் ஏம்மா சொல்லாம இருந்தீங்க?” மெஷினைச் சொன்னேன். அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார், பிறகு கேலண்டரை எடுத்தார், மற்ற வேலைகளை அடித்துவிட்டு இன்றைய தேதியைக் குறித்தார்.

இப்போது பேச்சிமுத்து கம்பத்தை ஒரு விரலால் தட்டிப் பார்க்கிறார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், மெலிந்த ஆள், மணிக்கட்டில் ஒரு பழைய தழும்பு. தட்டுகிற சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. “இதுல ஏற மாட்டேன் அக்கா” என்றார், சாதாரணமாக, காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல. “ஏணியும் இதுல சாய்க்கக் கூடாது.” “பின்ன எப்படி தம்பி மேல போயி வயரை எடுப்பிய?” என்றேன். “ஏணி தானா நிக்கும்” என்றார். கம்பம் நடுகிற மேஸ்திரி செம்புலிங்கம் அண்ணாச்சி தன் ஆறு ஆட்களோடு அங்கே நின்றார், அவர் சிரித்தார். என்ன சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. முதலில் கம்பத்துக்கே மூன்று பக்கமும் கயிறு கட்டினார்கள், ஒன்று முருங்கையில் வேண்டாம், ஒடியும் என்று சொல்லி, தண்ணித்தொட்டியின் தூணில், ஒன்று மொட்டை மாடிக் கைப்பிடியில், ஒன்று வாசல் தூணில், கல்யாணப் பெண்ணைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி மெதுவாக, அதிராமல். பிறகு நீளமான மூங்கில் ஏணியை எடுத்தார்கள். அதன் உச்சியில் நாலு கயிறு. ஏணியைத் தூக்கி, எதிலும் சாய்க்காமல், கம்பத்துக்குக் கை எட்டுகிற தூரத்தில் முற்றத்தில் செங்குத்தாக நிறுத்தினார்கள். நாலு ஆள் நாலு மூலையில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஏணி வானத்தைப் பார்த்துத் தனியாக நின்றது. நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். சாய்வதற்கு ஒன்றும் இல்லாத ஏணியை என் அறுபது வருஷத்தில் பார்த்ததில்லை. அதில் பேச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஏணி ஒரு விரல்கடை அசையும், உடனே ஏதோ ஒரு மூலையில் ஒரு ஆள் இழுப்பார், இன்னொரு ஆள் விடுவார். யாரும் பேசவில்லை. செம்புலிங்கம் அண்ணாச்சி மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “கிழக்கே கொஞ்சம், போதும், விடு” என்று காதோடு சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே ஒரு மனிதன், கீழே நாலு கை, நடுவில் மூங்கில். விழுந்துவிடுவார் என்று நினைத்தேன், பிறகு விழமாட்டார் என்று நினைத்தேன், பிறகு ஒன்றுமே நினைக்கவில்லை. திடீரென்று இவர் ஞாபகம் வந்து உள்ளே திரும்பினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இவர் கண்ணை மூடியிருந்தார். மார்பு ஏறி இறங்கியது. எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப வெளியே பார்த்தேன். பேச்சிமுத்து ஏணியின் உச்சியில் ஒரு காலை வளைத்துப் படிக்குள் கொடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டு, வயரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, வயரு வருது, கம்பத்தைப் பாத்துக்கோங்க” என்று மேலேயிருந்து குரல். அவர் வயரைக் கழற்றிக் கயிற்றில் கட்டி மெல்லத் தளர்த்தினார். அப்போதுதான் நடந்தது. யாரும் இழுக்கவில்லை. வயர் விட்ட அந்தக் கணமே கம்பம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி முற்றத்தின் பக்கம் சாய ஆரம்பித்தது. “பிடி, பிடி, பிடி” என்றார் செம்புலிங்கம். கட்டியிருந்த கயிறுகள் விறைத்தன, ஏணியைப் பிடிக்காத ஆட்கள் அந்தக் கயிறுகளைப் பிடித்து அதை அந்தரத்தில் தாங்கி, மற்றவர்கள் பேச்சிமுத்துவை ஏணியோடு எதிர்ப்பக்கம் நகர்த்தும் வரைக்கும் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். கம்பம் முழங்கால் உயரத்தில் முறிந்தது. பெரிய சத்தம் வரும் என்று இரண்டு வருஷமாகக் காதைத் தீட்டியவள் நான். வந்தது ரஸ்க்கை ஒடிக்கிற சத்தம். மண்ணில் படுத்ததும் மூன்று துண்டாகிவிட்டது. தூசி அடங்கியதும் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். செம்புலிங்கம் குனிந்து, முறிந்த வாயில் விரலை விட்டுத் துழாவி எடுத்தார். உள்ளங்கையில் செங்கல் பொடி மாதிரி துரு. “ஒரு கம்பி கூட முழுசா இல்ல” என்றார். அவர் குரலில் கோபமில்லை, ஒரு மாதிரி மரியாதை இருந்தது. “நாப்பது வருஷமா கம்பம் நடுதேன், பிடுங்குதேன். இப்படி ஒண்ணு நின்னு நான் பாத்ததில்ல. இது எதை நம்பிம்மா நின்னுச்சு?” ஏணியிலிருந்து இறங்கி வந்த பேச்சிமுத்து அண்ணாந்து, கயிற்றில் தொங்கிய வயரைக் காட்டினார். “போஸ்ட்டு வயரைத் தாங்கல அண்ணாச்சி. வயருதான் போஸ்ட்டைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே இழுப்பு, அதான்.” நான் அந்த வயரைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் தடிமன் கூட இல்லை. அதற்குள்தான் எல்லாம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் என்றால் குழாயில் சத்தம் கேட்கும், காற்று என்றால் கதவு அசையும். இது ஒரு சத்தமும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாமல், எங்கோ கயத்தாறு பொட்டலில் காற்றாடி சுற்றுகிறதே, அங்கேயிருந்தோ, கடற்கரைப் புகைபோக்கிகளின் அடியிலிருந்தோ, நான் பார்த்தே இராத மலையணையிலிருந்தோ, கம்பம் கம்பமாகத் தாண்டி வந்து, கடைசியில் இந்தத் துருப்பிடித்த குச்சியின் தலைமேல் கால் வைத்து, எங்கள் வீட்டுக்குள் இறங்கி, இவர் மூக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே அடித்த காற்று இங்கே ஒரு மனிதனுக்கு மூச்சு. ஏழு மாதம், ஒரு நிமிஷம் தவறாமல். மண்டியிடலாமா என்று கூடத் தோன்றியது, ஆட்கள் இருக்கிறார்களே என்று சும்மா நின்றேன்.

பன்னிரண்டு மணி ஆயிற்று, பன்னிரண்டே கால் ஆயிற்று. அடியில் மீந்த கட்டை மண்ணுக்குள் அஞ்சு அடி இறங்கியிருந்தது, அது மட்டும் பிடிவாதமாக வரமாட்டேன் என்றது. மேலே இருந்ததெல்லாம் பொடியாகிப் போக, மண்ணுக்குள் உப்புக்காற்று படாமல் இருந்த பகுதி நேற்று நட்டது மாதிரி கெட்டியாக இருக்கிறதாம். கடப்பாரை, மண்வெட்டி, திரும்பக் கடப்பாரை. “அதை விட்டுட்டுப் பக்கத்துல தோண்டலாமா?” என்றார் பேச்சிமுத்து. “அந்தப் பக்கம் தண்ணிக் குழாய், இந்தப் பக்கம் பாறை” என்றார் செம்புலிங்கம். நான் உள்ளே போனேன், வெளியே வந்தேன், உள்ளே போனேன். பன்னிரண்டே முக்காலுக்கு முள் கால்வாசியில் நின்றது. கடைக்காரர் மூன்று மணி நேரம் என்றாரே, இது வேகமாக இறங்குகிறதே. கணக்குப் பார்த்தால் இன்னும் முக்கால் மணி நேரம். ஆட்டோக்காரர் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். இவரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் பயப்படுவார், பயந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் முள் இன்னும் வேகமாக இறங்கும், இல்லை, அப்படி இறங்காது, குண்டு இரண்டில்தானே நிற்கிறது, யார் பயந்தால் என்ன, ஆனாலும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல்மாட்டியை இவர் விரலில் மாட்டிப் பார்த்தேன், தொண்ணூற்றிரண்டு. “என்ன ஆச்சு?” என்றார் கண்ணைத் திறக்காமல். “முடியப் போவுது” என்றேன். நான் சொன்னது எதை என்று எனக்கே திக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் எழுந்தேன். வெளியே கடப்பாரைச் சத்தம் நின்றிருந்தது. நல்லதுக்கா கெட்டதுக்கா? ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டையைச் சங்கிலி போட்டு நெம்பி மேலே எடுத்துவிட்டார்கள், பல் பிடுங்கிய ஈறு மாதிரி ஒரு பள்ளம், அடியில் ஊற்று.

புதுக் கம்பம் சந்துக்குள் வண்டியில் வராது என்று காலையிலேயே ஆறு பேர் தோளில் சுமந்துவந்து சுவரோரமாகக் கிடத்தியிருந்தார்கள். அடிப்பாகத்தில் கருப்பாகத் தார் பூசியிருந்தது. இப்போது அதன் அடியைப் பள்ளத்தின் வாயில் வைத்தார்கள். முந்நூறு கிலோவுக்கு மேல் என்றார் பேச்சிமுத்து. இரண்டு மூங்கிலைக் கத்தரி மாதிரி கட்டிய முட்டுகள் இரண்டு, மூன்று கயிறு, எட்டு மனிதர்கள், வேறொன்றும் இல்லை. செம்புலிங்கம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். “ஆண்டவரே” என்றார், எந்த ஆண்டவர் என்று தெரியவில்லை, எல்லா ஆண்டவரும் என்று வைத்துக்கொண்டேன். “தூக்கு.” தலை மண்ணைவிட்டு ஒரு முழம் எழுந்தது. மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள். “தூக்கு.” இடுப்பளவு. இரண்டாவது முட்டு உள்ளே, முதல் முட்டு முன்னே. ஒரு ஆளின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. நான் என் கையை இறுக்கி மூடியிருந்தேன். தோளளவு. தலைக்கு மேல். ஒரு இடத்தில் கம்பம் அப்படியே நின்றுவிட்டது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, பள்ளத்தின் ஓரம் சரிந்து கொஞ்சம் மண் உள்ளே கொட்டியது. எட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள், நானும் அடக்கிக்கொண்டிருந்தேன். “இப்ப” என்றார் செம்புலிங்கம், மெதுவாகத்தான் சொன்னார். எட்டு உடம்பும் ஒரே உடம்பாக முன்னே சாய்ந்தது. அவ்வளவு பெரிய கம்பம் தன் எடையை மறந்து தானாகவே எழுந்த மாதிரி எழுந்து, பள்ளத்துக்குள் இறங்கி, தரை அதிர ஒரு தடவை உட்கார்ந்து, நேராக நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்று கேட்டால் தெரியாது. அவர்கள் மண்ணும் ஜல்லியும் போட்டு இடிக்க ஆரம்பித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நூல்குண்டு பிடித்து நேர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பேச்சிமுத்து இந்தத் தடவை கம்பத்திலேயே ஏணியைச் சாய்த்து ஏறியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. நான் திரும்பவே இல்லை. எவ்வளவு நேரமாகத் திரும்பவில்லை? ஓடினேன்.

கட்டிலில் இவர் இல்லை. தலையணையில் குழாய் மட்டும் கிடந்து உஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் பார்த்தேன், ஜன்னல் ஓரமாக, கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்றுகொண்டிருந்தார். சிலிண்டர் குழாய் அதுவரைக்கும் எட்டாது, கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உதடு நீலம். வாய் திறந்தபடி. இடுப்பைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்து, மூக்கில் குழாயை மாட்டி, விரல்மாட்டியைப் போட்டால் எண்பத்தொன்று. “என்ன காரியம் செஞ்சிய? என்ன காரியம்?” என்று கத்தினேன், வெளியே கேட்டிருக்கும். இவர் பேச முடியாமல் கையைக் காட்டினார், பொறு, பொறு. எண்பத்துமூன்று. எண்பத்தாறு. சிரிக்கிறார்! “பாத்தியா” என்றார். ஒரு மூச்சு. “கிரேன் இல்லாம.” இன்னொரு மூச்சு. “எட்டுப் பேரு. அந்த மேஸ்திரி, இப்பன்னு சொன்னாரே, அது.” ஒரு மூச்சு. “நான் இருபத்தெட்டு வருசம் தூக்கினேன். ஒரு நாளும் அப்படித் தூக்கினதில்ல ரெஜி.” நான் அழுதுகொண்டே முதுகைத் தடவினேன். எண்பத்தொன்பது. “நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்” என்றேன், அது எப்படி அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. “ரெண்டு வருசமா எனக்குத் தெரியும், அது வெடிச்சிருக்குன்னு.” இவர் என்னைப் பார்த்தார். “எனக்கு மூணு வருசமாத் தெரியும்” என்றார். நான் கையை எடுத்துவிட்டேன். “படுத்த பிறகு, தலையணையிலேருந்து பாத்தா, ஜன்னல் கம்பிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரல் வானம் தெரியும். அப்புறம் ரெண்டு விரல். போன வாரம் மூணு. உங்கிட்ட சொன்னா நீ மெஷினை நினைச்சுப் பயப்படுவ.” மூச்சு வாங்கினார். “தினமும் இன்னிக்கு விழுந்துரும்னு பாத்துட்டே இருப்பேன். விழல. அதிசயமா இருக்கும். அதைப் பாத்துட்டே எனக்குப் பொழுது போயிரும்.” ஏழு மாதமாக நான் ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் இவர் ஏன் திறக்கச் சொல்லி முனகினார் என்று இப்போதுதான் விளங்கியது. இருவரும் ஒரே கம்பத்தை, ஆளுக்கொரு பக்கமிருந்து, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். முள் சிவப்புக்குள் போயிருந்தது.

“அக்கா, தெரு லைன் வந்தாச்சு, மெயினைப் போடுங்க” என்று வெளியே பேச்சிமுத்து கூப்பிட்டார். மணி ஒன்று இருபது. மீட்டர் பெட்டிக்கு ஓடிப்போய்ப் பிடியை மேலே தள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு கணம், அந்த ஒரு கணத்தில் நான் எத்தனை வயசு கூடினேனோ, பிறகு ஹாலில் ஃபேன் அசைந்தது, ஃப்ரிட்ஜ் உறுமியது, உள்ளே மெஷின் ஒரு தடவை கூவிவிட்டு, புஸ், டப். ஆட்களுக்குத் தேநீர் போட்டேன். செம்புலிங்கம் அண்ணாச்சி சிமெண்டு குழைத்துக் கம்பத்தின் காலடியில் மேடை கட்டிக்கொண்டிருந்தார். தேநீரைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனபோது இவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். “வெளிய போவோம்” என்றார். பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. விரல்மாட்டி தொண்ணூற்றிநாலு காட்டியது. பேச்சிமுத்துவும் இன்னொரு ஆளும் வந்து மெஷினை வாசல்வரைக்கும் உருட்டிக்கொண்டுவந்து வைத்தார்கள், மெஷினின் குழாய் நீளம், முற்றம்வரைக்கும் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த நாளுக்கப்புறம் இவர் இந்தப் படியில் கால் வைத்ததில்லை. முதல் படிக்கு ஒரு நிமிஷம். இரண்டாவது படிக்கு இரண்டு நிமிஷம். மண்ணில் கால் பட்டதும் இவர் விரல்களை மடக்கி விரித்தார், சூடு பார்ப்பதுபோல. இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கம்பத்தின் அடியிலிருந்து பார்க்க ஆரம்பித்து, மெதுவாக, மெதுவாகத் தலையை உயர்த்தி, உச்சிக்கு வந்து, அங்கேயிருந்து வயர் வழியாக வீட்டுக்கும், திரும்ப உச்சிக்கும் போனார். வெயில் முகத்தில் முழுதாக விழுந்தது, கண்ணைச் சுருக்கவில்லை.

“கழுத்து வலிக்கும், போதும், வாங்க” என்றேன்.

“கொஞ்சம் இரு” என்றார்.